காரில்லாமல் டச்சஸ் கவுன்ட்டியில் சைக்கிள்: எந்த லைனில் ஏறுவது, எங்கே இறங்குவது?

நீங்கள் கேட்டது இதுதான். ப்ரூக்ளினில் குடியிருக்கிறீர்கள், கார் கிடையாது. பன்னிரண்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு, நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே போகிற மெட்ரோ-நார்த் புறநகர் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், கிராமப்புறமாக ஒரு பகல் ஓட்டிவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். டச்சஸ் கவுன்ட்டி நல்லது என்று யாரோ சொன்னார்கள். மேப்பைத் திறந்தால் திரும்பிய பக்கமெல்லாம் கோடு. எதைப் பிடிப்பது, ஏற்றம் இருக்குமா, பையன் தாங்குவானா?

தாராளமாகப் போகலாம். ஆனால் மேப்பை மூடி வைத்துவிட்டு முதலில் ரயில் நேர அட்டவணையைப் பாருங்கள். அந்த ஊரில் எந்தப் பாதை உங்களுக்கு ஏற்றது என்பதை முடிவு செய்வது ரயில்தான். இப்போது ஓடுகிற ரயில் பாதி முடிவைச் செய்கிறது, எப்போதோ நின்றுபோன ரயில் மீதியைச் செய்கிறது.

நியூயார்க் மாநிலத்தில், நகரத்துக்கு வடக்கே இருக்கிற டச்சஸ் கவுன்ட்டியின் மேற்கு எல்லை ஹட்சன் ஆறு, கிழக்கு எல்லை கனெக்டிகட் மாநிலம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,95,911. அதில் பெரும்பங்கு ஆற்றுப் பக்கமும் தெற்கிலும்தான். கிழக்கே போகப் போக ஊர்கள் சிறுத்து, மாட்டுப் பண்ணையும் குதிரைப் பண்ணையும் காடுமாக ஆகிவிடும். மெட்ரோ-நார்த்தின் இரண்டு லைன்கள் இந்தக் கவுன்ட்டியின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு போகின்றன. ஹட்சன் லைன் ஆற்றங்கரையோரமாகப் போய் பொகிப்சியில் முடிகிறது. ஹார்லெம் லைன் கிழக்குப் பள்ளத்தாக்கு வழியாகப் போய் வசேயிக்கில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது மேடும் பள்ளமும். ஓரங்களில் சமதளம், நடுவில் குன்றுகள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மேப்பில் உள்ள கோடுகளில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

சைக்கிளுக்கென்று போட்ட நல்ல பாதைகள் எல்லாமே பழைய ரயில் தடங்கள், இவற்றைத்தான் ரெயில் டிரெயில் என்கிறார்கள். நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது. அதனால் தடம் போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, சதுப்பு நிலத்தின் நடுவே மண் கரை எழுப்பி, ஏற்றத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். தண்டவாளம் போய்விட்டது, அந்த உழைப்பு அப்படியே இருக்கிறது. அதன்மேல் தார் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல பாதை கிடைக்காது.

ரயிலில் ஏறுவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் போகிறவர்கள் சிரமப்படுவது பெரும்பாலும் அங்கேதான். முன்பெல்லாம் மெட்ரோ-நார்த்தில் சைக்கிளுக்கு ஐந்து டாலர் கட்டித் தனியாக ஒரு பெர்மிட் வாங்க வேண்டும். 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் வார நாட்களில் காலையிலும் மாலையிலும் நெரிசல் நேர ரயில்களில் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். சில விடுமுறை நாட்களை ஒட்டியும் தடை இருக்கும். மடக்கி வைக்கிற சைக்கிளுக்கு மட்டும் இந்தத் தடை கிடையாது. ஒரு ரயிலில் எத்தனை சைக்கிள் என்பதற்கும் வரம்பு உண்டு, கண்டக்டர் இடமில்லை என்றால் இல்லைதான். ஆகவே சனி, ஞாயிறு காலை, சீக்கிரமான ரயில். அக்டோபரில் இலை நிறம் மாறும் வாரங்களில் இன்னும் சீக்கிரம். அட்டவணையையும் டிக்கெட்டையும் டிரெயின்டைம் செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ரயிலுக்குள் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கினால் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த ரயில்கள் மன்ஹாட்டனில் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து புறப்படும், 125ஆம் தெருவிலும் நிற்கும். ஆனால் சைக்கிளோடு போகிறவர்கள் கிராண்ட் சென்ட்ரலிலேயே ஏறுவது உத்தமம். அங்கே ரயில் புறப்படுவதற்கு முன்பே நிற்கும், நிதானமாக இடம் பார்க்கலாம். 125இல் ஏறும்போது நல்ல இடமெல்லாம் போயிருக்கும். ப்ரூக்ளினிலிருந்து கிராண்ட் சென்ட்ரலுக்கு சப்வேயில் சைக்கிளோடு வரலாம், வார இறுதிக் காலையில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பெட்டிக்குள் சைக்கிளுக்கென்று ஒதுக்கிய இடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிக்காக விட்ட இடத்தில் மடக்கு இருக்கை இருக்கும். அதை மடக்கிவிட்டுச் சைக்கிளை நிறுத்துவார்கள். சக்கர நாற்காலியில் யாராவது வந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு இரண்டு கொண்டுபோங்கள். முன் சக்கரத்தை ஃபிரேமோடு சேர்த்து ஒரு கட்டு, ஃபிரேமைக் கம்பியோடு சேர்த்து ஒரு கட்டு. முன் சக்கரத்தைக் கட்டாமல் விட்டால் ஹேண்டில் திரும்பித் திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முழங்காலில் இடித்துக்கொண்டே வரும். இரண்டு சைக்கிள் என்றால் ஒன்றின் ஹேண்டில் இன்னொன்றின் சீட்டுப் பக்கம் வருகிற மாதிரி எதிரெதிராக வைத்தால் குறைந்த இடத்தில் அடங்கும்.

ஹார்லெம் லைனில் போகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். மின்சாரத் தடம் சவுத்ஈஸ்ட் ஸ்டேஷனோடு முடிந்துவிடும். அதற்கு வடக்கே டீசல்தான். பெரும்பாலான ரயில்களில் சவுத்ஈஸ்ட்டில் இறங்கி மாற வேண்டும். அந்த டீசல் ரயிலில் பெட்டிகள் குறைவு, சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதை நோக்கித்தான் போவார்கள். அதனால் ப்ரூஸ்டர் ஸ்டேஷன் வந்ததுமே கயிற்றை அவிழ்த்துவிட்டு, பையனையும் எழுப்பிவிட்டு, வாசலருகே தயாராக நில்லுங்கள். அடுத்த ஸ்டேஷன் சவுத்ஈஸ்ட்.

முதல் தடவைக்கு நான் சொல்வது ஹார்லெம் லைன், வசேயிக், ஹார்லெம் வேலி ரெயில் டிரெயில். கிராண்ட் சென்ட்ரலிலிருந்து வசேயிக் 82 மைல், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். லைனின் கடைசி ஸ்டேஷன் அது. பிளாட்ஃபாரத்திலிருந்து இறங்கினால் டிரெயில் அங்கேயே தொடங்குகிறது. ஸ்டேஷனுக்கும் பாதைக்கும் நடுவே நெடுஞ்சாலை, சிக்னல், பிஸியான பாலம் எதுவும் இல்லை. ரயிலில் போய்ச் சேர்கிற எத்தனையோ சைக்கிள் பாதைகளில் அந்த முதல் ஒரு மைல்தான் பயமுறுத்தும். இங்கே அது இல்லை என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

இந்த லைன் ஒரு காலத்தில் இதற்கும் வடக்கே சேத்தம் வரை போனது. 1852இல் தடம் அங்கே எட்டியது. நியூயார்க் நகரத்துக்குப் பால் போன வழி இதுதான். சுண்டிய பாலை டப்பாவில் அடைத்து விற்ற கெயில் போர்டன் 1861இல் வசேயிக்கில் ஆலை வைத்ததற்குக் காரணமும் இந்தத் தடமும் சுற்றியிருந்த மாடுகளும்தான். அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது, வடக்குப் படைக்கு இங்கிருந்து டப்பா டப்பாவாகப் பால் போனது. பிறகு லாரிகளும் கார்களும் வந்து ரயில் தேய்ந்தது. 1972 மார்ச்சில் டோவர் பிளெயின்ஸுக்கு வடக்கே பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2000இல் மெட்ரோ-நார்த் மறுபடியும் வசேயிக் வரை நீட்டியது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை, உங்கள் சைக்கிள் போக வேண்டியதுதான்.

வசேயிக்கிலிருந்து அமீனியா, அங்கிருந்து மில்லர்டன். மொத்தம் சுமார் 11 மைல், போய்வர 22 மைல். கிலோமீட்டரில் 35. தார் போட்ட பாதை, கார் கிடையாது. குறுக்கே வருகிற ரோடுகளில் மட்டும் நிறுத்திப் பார்த்துக் கடக்க வேண்டும், அங்கே முன்னுரிமை வண்டிகளுக்குத்தான். பையனிடம் இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். மைல் கணக்கில் கார் இல்லாத பாதையில் ஓட்டிப் பழகியவன் குறுக்கு ரோட்டையும் அதே வேகத்தில் தாண்டப் பார்ப்பான்.

அமீனியாவுக்கும் மில்லர்டனுக்கும் இடைப்பட்ட பகுதிதான் இதில் சிறந்தது. பாறையை வெட்டிய இடங்கள் வரும். இரண்டு பக்கமும் பாறை எழும்பி நிற்க, கோடை மதியத்திலும் உள்ளே நுழைந்ததும் கை மயிர் சிலிர்க்கிற அளவுக்குக் குளிரும். பாறையிலிருந்து நீர் கசிந்து கருத்துப்போய், பாசியும் பெரணியும் ஒட்டியிருக்கும். அதைத் தாண்டியதும் பாதை கரைபோல உயர்ந்து, இரண்டு பக்கமும் சதுப்பு நீர் விரியும். பட்டுப்போன மரங்கள் நீருக்குள் வெளுத்துப்போய் நிற்கும், அவற்றின் அடியில் பீவர் கட்டிய அணை தெரியும். குச்சிகளை வாரிக் குவித்து வைத்த மாதிரித் தோன்றும். சைக்கிளை நிறுத்திக் கிட்டப் பார்த்தால் ஒவ்வொரு குச்சியின் முனையும் பென்சில் சீவியதுபோல் கூராக இருக்கும், அத்தனையும் பல்லால் கடித்தது. ஜூன் மாதத்தில் பெரிய ஆமைகள் முட்டையிட மண் தேடிப் பாதைக்கு ஏறிவரும். அதில் கடிக்கிற ஆமை ஒன்று உண்டு. கழுத்தை நீட்டினால் நீங்கள் நினைத்ததற்கு இரண்டு மடங்கு வரும், தூக்கி ஓரமாக விடுகிறேன் என்று போக வேண்டாம். சுற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

வடக்கே போகும்போது லேசான ஏற்றம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கால்தான் சொல்லும். பையன் "இன்று என்னால் முடியவில்லை" என்று சொன்னால் அது அவன் குற்றமல்ல. திரும்பும்போது அதே பாதை இறக்கமாகிவிடும், அவன் உங்களை முந்திக்கொண்டு போவான். சோர்வு வருவதற்கு முன் ஏற்றம், வந்தபின் இறக்கம். இந்த வரிசை குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வரப்பிரசாதம்.

மில்லர்டன் ஒரே ஒரு மெயின் ஸ்ட்ரீட் உள்ள ஊர். பாதை அந்தத் தெருவையே வெட்டிக்கொண்டு போகிறது. சாப்பிட இடம் உண்டு. ஹார்னி அண்ட் சன்ஸ் தேயிலைக் கம்பெனியின் கடையும், 1975 முதல் இருக்கிற ஆப்லாங் புத்தகக் கடையும் அங்கேதான். அந்தப் புத்தகக் கடையின் பெயரில் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. நியூயார்க்கும் கனெக்டிகட்டும் எல்லைச் சண்டை போட்டு, கடற்கரையோரம் கிரீனிச், ஸ்டாம்ஃபர்ட் பக்கத்து நிலத்தைக் கனெக்டிகட் வைத்துக்கொள்ள, அதற்கு ஈடாக 1731இல் நியூயார்க்குக்குக் கொடுக்கப்பட்ட, இரண்டு மைலுக்கும் குறைந்த அகலமுள்ள நீள நிலப்பட்டைக்குத்தான் ஆப்லாங் என்று பெயர். கவுன்ட்டியின் கிழக்கு விளிம்பு முழுக்க அந்தப் பட்டைதான்.

உங்களுக்கு மில்லர்டனோடு திரும்புவது போதும். கால் பலமுள்ளவர்கள் மேலே போகலாம். பாதை டச்சஸைத் தாண்டி கொலம்பியா கவுன்ட்டிக்குள் நுழைந்து கோப்பேக் ஃபால்ஸ் வரை தொடர்கிறது. வசேயிக்கிலிருந்து அங்கே போய்த் திரும்பினால் ஏறத்தாழ 45 மைல். கிழக்கே டகோனிக் மலைத்தொடர் கூடவே வரும். வழியில் பாஸ்டன் கார்னர்ஸ் என்று ஓர் இடம். முன்பு அது மாசசூசெட்ஸுக்குச் சொந்தமாக இருந்தது. ஆனால் நடுவே மலை நின்றதால் அந்த மாநிலத்துப் போலீஸ் எட்டிப் பார்க்கவே இல்லை. சட்டம் எட்டாத இடம் என்பதற்காகவே 1853இல் அங்கே ஒரு பெரிய குத்துச்சண்டை நடத்தினார்கள், கூட்டம் கூட்டமாக ரயிலில் வந்து இறங்கினார்கள். 1855இல் அந்த மூலையை நியூயார்க்குக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று அங்கே வயலும் அமைதியும்தான். கோப்பேக் ஃபால்ஸில் டகோனிக் ஸ்டேட் பார்க் இருக்கிறது, 1845இல் தொடங்கிய பழைய இரும்பு ஆலையின் மிச்சங்கள் இருக்கின்றன. அங்கிருந்து மாசசூசெட்ஸ் எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பாஷ் பிஷ் அருவி. சுமார் 60 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பார்க்கலாம், குளிக்கக் கூடாது. தடை போட்டிருக்கிறார்கள், அங்கே உயிரிழந்தவர்களும் உண்டு.

இந்தப் பாதையில் ஒரே கஷ்டம் திரும்பி வரும் ரயில். வார இறுதியில் வசேயிக்கிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ரயில்தான். ஒன்றைத் தவறவிட்டால் பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பக்கத்தில் பொழுது போக்க ஒன்றும் இல்லை, வசேயிக் ஊரே கொஞ்சம் தெற்கே தள்ளி இருக்கிறது. ஆகவே திட்டத்தைத் திரும்பும் ரயிலிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். எந்த ரயிலில் திரும்புகிறோம், அதற்கு அரை மணி முன்னால் ஸ்டேஷன், மில்லர்டனிலிருந்து பையனோடு இரண்டு மணி நேரம், ஒரு பஞ்சருக்கு அரை மணி. கழித்துப் பார்த்தால் மில்லர்டனில் எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும் என்பது வந்துவிடும். அந்த மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும், மில்லர்டன் இன்னும் வராவிட்டாலும் சரி. வசேயிக்கில் நேரம் மிஞ்சினால் ஊருக்குள் போய் மாக்ஸன் மில்ஸைப் பாருங்கள். தானியம் சேமித்த உயரமான மரக் கட்டடம், இப்போது கலைக்கூடம்.

அடுத்தது, இதைச் செய்து முடித்தபின் பார்க்க வேண்டியது: பொகிப்சியிலிருந்து ப்ரூஸ்டர். இதன் அழகே ஒரு லைனில் போய் இன்னொரு லைனில் திரும்புவதில்தான். ஹட்சன் லைனில் பொகிப்சி வரை போங்கள். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், ஆறு முழுக்க அந்தப் பக்கம்தான். பொகிப்சியில் இறங்கி ஊருக்குள் கொஞ்சம் ஏறினால் ஹட்சனைக் கடக்கும் பழைய ரயில் பாலம். 1889இல் திறந்தது, 1974 மே மாதத்தில் தீப்பிடித்து மூடப்பட்டது, 2009 அக்டோபரில் நடைபாலமாகத் திறந்தார்கள். நீளம் 6,768 அடி, நீர்மட்டத்திலிருந்து 212 அடி உயரம். உங்கள் பயணத்துக்கு இதைக் கடக்க வேண்டிய அவசியமே இல்லை, போக வேண்டியது எதிர்த் திசையில். ஆனாலும் பாதி தூரம் போய் நடு ஆற்றில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கூட்டம் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை.

பாலத்தின் கிழக்கு முனையிலிருந்து டச்சஸ் ரெயில் டிரெயில் தொடங்குகிறது. 13 மைலுக்குச் சற்று மேல், ஹோப்வெல் ஜங்ஷன் வரை. இந்தப் பகுதி கிராமம் என்று சொல்ல முடியாது. வீடுகளின் பின்புறம், கடைத்தெருக்களின் பின்புறம் என்று போகும். நடக்கிறவர்கள், நாய்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள். மணி அடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். வாப்பிங்கர் ஓடையைத் தாண்டும் பாலம் நன்றாக இருக்கும். ஹோப்வெல் ஜங்ஷனில் 1873இல் கட்டிய ஸ்டேஷனைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அங்கே சாப்பிட்டு, தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கட்டாயம்.

ஏனென்றால் அங்கிருந்து மேப்ரூக் டிரெயில்வே. ப்ரூஸ்டர் வரை 23 மைல், வழியில் கடை என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நியூயார்க் மாநிலத்தின் குறுக்கும் நெடுக்குமாக 750 மைலுக்கு இணைத்த எம்பயர் ஸ்டேட் டிரெயிலின் ஒரு பகுதியாக 2020 கடைசியில் முடித்த பாதை. தார் வழவழவென்று இருக்கும். இதில் விசேஷம் என்னவென்றால், பழைய தண்டவாளம் இன்னும் பிடுங்கப்படாமல் பக்கத்திலேயே கிடக்கிறது. துருவேறிய இரும்புக்கு நடுவே மரங்கள் முளைத்துத் தோள் உயரத்துக்கும் மேல் வளர்ந்துவிட்டன. நியூ இங்கிலாந்துக்கு நாளெல்லாம் சரக்கு போன வழி அது. பொகிப்சிப் பாலம் எரிந்ததும் அந்தப் போக்குவரத்து அறுந்தது. ஹோப்வெல்லிலிருந்து கிழக்கே நீண்ட நேரம் மெதுவாக ஏறும், வேய்லி (Whaley) ஏரி வரும்வரை விடாது. அதன் பிறகு பாலிங், பேட்டர்சன் பக்கம் இறங்கி, கிரேட் ஸ்வாம்ப் என்கிற பெரிய சதுப்பு நிலத்தை ஒட்டி ப்ரூஸ்டருக்கு வந்துவிடும். அது புட்னம் கவுன்ட்டி.

இரண்டையும் சேர்த்தால் 37 மைல் போல ஆகும், பாலத்தின் மேல் போனது தனி. ப்ரூஸ்டரில் மின்சார ரயில் என்பதால் வசேயிக்கை விட அடிக்கடி வண்டி உண்டு. ஒன்று போனால் இன்னொன்று, பதற்றம் இல்லை. அதற்காகவே மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டச் சொல்கிறேன். பையனுக்கு இது இந்த வருஷம் வேண்டாம். 37 மைல் தூரத்தை அவன் ஓட்டிவிடக்கூடும், ஆனால் நடுவில் 23 மைலுக்குப் பாதியில் கைவிட இடமே இல்லை. சமதளப் பாதை என்பதும் எளிய பாதை என்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, நடுவில் இருக்கிற குன்றுகள். மில்புரூக், ஸ்டான்ஃபர்ட்வில், பைன் பிளெயின்ஸ் பக்கத்து ரோடுகள். உண்மையில் இந்தக் கவுன்ட்டியின் அழகு அங்கேதான். கல் சுவர் வைத்த மேய்ச்சல் நிலம், வெள்ளைத் தேவாலயம், குதிரை லாயம், தார் போடாத மண் ரோடுகள். கொஞ்சம் அகலமான டயர் போட்ட சைக்கிள் இருந்தால் மண் ரோட்டிலேயே நாள் முழுக்க ஓட்டலாம், கார் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் அங்கே சமதளம் என்பதே கிடையாது. ஒரு மைல் ஏற்றம், அரை மைல் இறக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். கியர் சரியாக விழாத சைக்கிளோடு போனால் சாயங்காலம் நொந்துபோவீர்கள். அமீனியாவிலிருந்து மில்புரூக் பன்னிரண்டு பதின்மூன்று மைல்தான், ஆனால் அமீனியாவை விட்டுக் கிளம்பியதுமே 44ஆம் எண் ரோடு டெலவர்ன் குன்றில் கொண்டை ஊசி வளைவோடு ஏறும். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், அதற்காகவே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டிகளும் அதே ரோட்டில்தான் வரும். அனுபவமில்லாதவர்களை நான் அங்கே அனுப்ப மாட்டேன்.

எந்த ரோட்டில் போகக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேப்பில் 22ஆம் எண் ரோடு ஹார்லெம் லைனை ஒட்டியே நேராகப் போகும். "வசேயிக் ரயில் போய்விட்டது, டோவர் பிளெயின்ஸ் வரை ஓட்டிவிடலாமே" என்று தோன்றும். வேண்டாம். வேகமான வண்டிகள் போகிற நெடுஞ்சாலை அது. அதேபோல ஹட்சன் பக்கம் பீக்கனுக்கும் கோல்ட் ஸ்பிரிங்குக்கும் இடையே 9டி ரோடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நடுவே பிரேக்நெக் மலையைக் குடைந்த குறுகலான சுரங்கம் வரும். குழந்தையோடு அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

உண்ணிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. உண்ணி கடித்துப் பரவுகிற லைம் நோய் மிகுந்த பகுதி இது. மில்புரூக்கில் இருக்கிற கேரி ஆய்வு நிறுவனம் பல வருஷங்களாக இதையே ஆராய்ந்து வருகிறது. மே முதல் ஜூலை வரை வருகிற குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். தாரில் ஓட்டிக்கொண்டே இருந்தால் பயமில்லை. ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுவது, சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டுப் புதருக்குள் போவது, இதில்தான் ஏறும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பில், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று பையனை முழுக்கப் பார்த்துவிடுங்கள். மூன்று இலையாகச் சேர்ந்து வளரும் பாய்சன் ஐவியும் ஓரமெல்லாம் உண்டு, பட்டால் அரிப்பு வாரக்கணக்கில் போகாது.

நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை துப்பாக்கியோடு மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அந்த வாரங்களில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது மேலே போட்டுக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய தொல்லை இருட்டு. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததும் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், டிரெயிலில் விளக்கு கிடையாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு சட்டப்படியும் வேண்டும். 14 வயதுக்குக் கீழ் ஹெல்மெட் கட்டாயம், உங்கள் பையனுக்கு அது பொருந்தும். நீங்களும் போட்டுக்கொண்டால் அவன் முணுமுணுக்க மாட்டான்.

கையில் என்ன வைத்துக்கொள்வது என்றால், இரண்டு சைக்கிளுக்கும் தனித்தனி அளவில் ட்யூப். பையன் சைக்கிளின் சக்கர அளவு வேறாக இருக்கும், இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. பம்ப், டயர் கழற்றும் லீவர், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். மேப்பை ரயிலிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் சில இடங்களில் சிக்னல் போய்விடும்.

எப்போது போவது என்று கேட்டால், மே கடைசியோ செப்டம்பர் நடுவிலோ ஒரு சனிக்கிழமை. மே மாதத்தில் சதுப்பில் தவளைச் சத்தமும் பறவைகளும் அதிகம், உண்ணியும் அதிகம். செப்டம்பரில் வெயில் இதமாகிவிடும், பகலும் போதிய அளவு நீளம். அக்டோபர் நடுவில்தான் நிறம் பார்க்க எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அப்போது ரயிலில் சைக்கிளோடு இடம் பிடிப்பது ஒரு தனிப் போராட்டம். பையனின் முதல் பயணத்துக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஞாயிறை விடச் சனி ஏன் என்றால், மழை வந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடலாம்.